பெரிய கங்காணிக்கு வாயு பிரிந்த நாள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று இளம் நர்ஸ்மார் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எனக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: “மிஸ்ஸி, உங்க சர்வீஸ்லயே உங்கள ரொம்பப் பயமுறுத்துன கேஸ் எது?”

வாந்திபேதி வந்த வருஷத்தைச் சொல்வேன், இல்லாவிட்டால் சிறுத்தை கீறிய ஆளைப் பற்றிச் சொல்வேன் என்று எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்.

“ஒரு பெரிய மனுஷருக்கு வாயு பிரியாம இருந்தது.”

சிரித்தார்கள். ஒருத்திக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அதில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது என்று விளக்கினேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது குறுக்கே யாரும் சிரிக்க முடியாது.

என் அப்பா உபதேசியார். பதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்து வேதம் வாசித்தவர். அவருடைய பாதிரியார் சொல்லித்தான் என்னைக் கொழும்புக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையைச் சரியாக மடிக்கத் தெரியாதவள் நோயாளியைக் காப்பாற்ற முடியாது என்று அங்கிருந்த வெள்ளைக்கார மேட்ரன் திடமாக நம்பினார். நான் ஏராளமான மூலைகளை மடித்தேன். பிறகு பண்டாரவளை வரை ரயிலிலும் அதற்கப்புறம் மாட்டு வண்டியிலுமாகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குத் திரும்பி வந்தேன். பதுளைக்கு அப்போது ரயில் வந்திருக்கவில்லை.

வந்த பிறகுதான் தெரிந்தது, கொழும்பில் கற்ற கேள்விகள் இங்கே வேலைக்கு ஆகாது என்று. எங்கே வலி, எப்போதிலிருந்து வலி என்று வரிசையாகக் கேட்க வேண்டும் என்பது பாடம். நான் கேட்டேன்.

“எங்கம்மா வலிக்குது?”

“மேமலையிலங்க.”

“மலையில இல்லம்மா, ஒடம்புல எங்க?”

“மேமலையில கொழுந்து எடுக்கையில ஒடம்பெல்லாந்தாங்க.”

“எப்பருந்து?”

“பழைய தொரை இருக்கும்போதே இருக்குங்க.”

எந்தத் தோட்டத்தில் எந்தத் துரை எப்போது வந்தார், எப்போது போனார் என்று மனப்பாடம் செய்த பிறகே எனக்கு நோயின் வயதைக் கண்டுபிடிக்க முடிந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியோ இன்னொரு கதை. அதை மருந்தென்றே நினைத்தார்கள். ஒரு கிழவி அதை வாயிலிருந்து எடுத்ததும், “இப்பத்தான் கொஞ்சம் தெளிவா இருக்கு, அந்தப் பக்கமும் ஒருவாட்டி வைங்க” என்று மறு கன்னத்தைக் காட்டினாள். வைத்தேன். அன்று மாலை அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் இறங்கிவிட்டது. அதன் பிறகு அந்தக் குச்சிக்குப் பரவிய புகழை என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியாக, எப்போதும் கறுப்புக் கோட்டில் இருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வர வர அவர் குரல் தணியும். நல்ல கோபத்தில் உதடு மட்டும்தான் அசையும். ஆகையால் திட்டு வாங்குகிறவர்கள்தான் அவர் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்று தோன்றும்.

நோயாளியைப் பார்க்க அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் கட்டிலின் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். “உங்கடை மாடு கண்டு போட்டுதோ?” என்று எதையாவது கேட்பார். நோயாளி மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொள்வார். பிறகு உள்ளங்கைகளைக் கரிச்சட்டியில் காட்டிச் சூடாக்குவார். குளிர்ந்த கை பட்டால் வயிறு பொய் சொல்லும் என்பார். வலிக்கிற இடத்தை முதலில் தொடவே மாட்டார். எதிர்ப்பக்கம் தொடங்கி மெல்ல வருவார். அப்போது அவர் பார்ப்பது வயிற்றை அல்ல.

“பிள்ளை, கை வயித்திலை இருக்கட்டும். கண் முகத்திலை இருக்கவேணும்” என்று என்னிடம் சொல்வார். என்னை அவர் ‘பிள்ளை’ என்றுதான் அழைத்தார். மற்ற எல்லாருக்கும் நான் ‘மிஸ்ஸி’.

இனி பெரிய கங்காணிக்கு வருகிறேன்.

அவர் பெயர் ரெங்கசாமி. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கங்காணி. துரைக்கு அடுத்தபடி அங்கே அவர்தான் எல்லாம். கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு, இரண்டு காதையும் எட்டிப் பார்க்கும் மீசை. விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் அவர் போடும் சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் எழுந்துவிடுவார்களாம்.

அவருக்குக் குடலிறக்கம் இருந்தது. பல வருஷமாக இருந்திருக்கிறது. கவட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு வீக்கத்தை நீளக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, மனைவி கேட்டால் சூட்டுக் கட்டி என்று சொல்லி வந்திருக்கிறார். ஒருநாள் பெரட்டில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது, திட்டு பாதியில் நின்றுவிட்டது. மீதிக்காக ஆட்கள் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். வழி நெடுக வண்டிக்காரனுக்குத் திட்டு விழுந்ததால், உயிர் இருக்கிறது என்று மற்றவர்கள் தைரியமாக இருந்தார்களாம்.

டாக்டர் பார்த்தார். மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “இப்பவே வெட்டவேணும்” என்றார்.

கங்காணியின் மனைவி காமாட்சியம்மாள் பருத்த உடம்பும் கனத்த குரலுமாக, அவருக்கு எந்த வகையிலும் குறையாத பெண்மணி. “ஆஸ்பத்திரியில வயித்தக் கிழிச்சவங்க யாரும் எங்க தோட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லீங்க” என்றாள். அது உண்மை. கை கால் முறிந்தவர்களை உடனே அனுப்புவார்கள்; உள்நோய்க்காரர்களைச் செத்துப்போகும் நிலைக்கு வந்த பிறகே அந்தத் தோட்டத்திலிருந்து எங்களிடம் அனுப்புவார்கள். பெரிய கங்காணியே அப்படித்தான் அனுப்பி வந்தார்.

“வெட்டாமல் விட்டாலும் திரும்ப மாட்டார், அம்மா” என்றார் டாக்டர். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. ஆனால் அது கோபமல்ல.

குளோரோபோம் கொடுத்தோம். மயக்கம் ஏற ஏறக் கங்காணி பெரட்டு எடுக்க ஆரம்பித்துவிட்டார். “பத்துப் பேரு கவ்வாத்து வெட்டப் போ... பொம்பளையாளு எல்லாம் கீழ்மலை... மருதமுத்து, நீ எங்கடா போற...” டாக்டர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார். கடைசியில் “தொரைக்கு சலாம்” என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார். அதன் பிறகே வேலை தொடங்கியது.

மாட்டிக்கொண்ட குடல் நாவல் பழ நிறத்தில் இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை அதன் மேல் போர்த்திவிட்டு டாக்டர் காத்திருந்தார். நிறம் திரும்பாவிட்டால் அதை வெட்டி எடுக்க வேண்டும். அப்படி வெட்டி எடுத்துப் பிழைத்தவர்கள் அந்த நாளில் அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாக அது சிவந்து வந்தது. டாக்டர் முதல் முறையாக மூச்சு விட்டார். குடலை உள்ளே தள்ளி, தைத்து மூடினார்.

மறுநாள் காலையிலேயே மொனராகலைப் பக்கம் ஒரு கொலை வழக்கில் பிரேதம் பார்க்க வரச் சொல்லி அவருக்கு ஆள் வந்துவிட்டது. கிளம்புமுன் கங்காணியின் கட்டிலருகே போய்க் கேட்டார்.

“காத்துப் பறிஞ்சுதோ?”

கங்காணி விழித்தார். “என்னங்க ஐயா?”

“காத்து. பறிஞ்சுதோ?”

“கொழுந்து பறிக்கிறது தெரியும். காத்த எப்படிங்க பறிக்கிறது?”

டாக்டருடைய ஊரில் வாயு பிரிவதை அப்படித்தான் சொல்வார்களாம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எங்கள் ஊர் வார்த்தையில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். கங்காணியின் மீசை விறைத்துக்கொண்டது. ஒரு பொம்பளை, அதுவும் வார்டு நடுவில், தன்னிடம் இதைக் கேட்டுவிட்டாள் என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் என்னிடம் சொன்னார்: “பிள்ளை, குடல் வேலை செய்யத் துவங்கினால் காத்து வரும். வரும்வரைக்கும் வாயிலை ஒண்டும் குடுக்கக் கூடாது. உதட்டை நனைச்சு விடும், அவ்வளவுதான். நாடி ஓடினால், விக்கல் எடுத்தால், வயிறு பலகை மாதிரி இறுகினால் எனக்கு ஆள் அனுப்பும். நான் வந்து சேருமட்டும் அவரின்ரை வயித்துக்கு நீர்தான் பொறுப்பு.”

குதிரை வண்டி போனது. நான் ஒரு வயிற்றுக்குப் பொறுப்பாகி நின்றேன்.

முதல் சண்டை தண்ணீருக்கு. “தண்ணி கொண்டாங்க” என்றார், பெரட்டுக் குரலில். நான் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். “நான் என்ன பூனைக்குட்டியா?” என்றார். அடுத்தது சாப்பாடு. கும்பிட்டுக்கொண்டு உள்ளே வந்த ஆள் ஒருவனுடைய கம்பளிக்குள்ளிருந்து கருவாட்டு வாசம் அடித்தது. வார்டிலிருந்த அத்தனை மூக்குகளும் அந்தப் பக்கம் திரும்பின. கம்பளியை உதறச் சொன்னேன். ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. அனுப்பியவள் காமாட்சியம்மாள்.

அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய் விளக்கினேன். “குடல் இன்னும் தூங்குதும்மா. தூங்குறது மேல சோத்தக் கொட்டுனா வாந்தி வரும், தையல் போகும், ஆளு போயிரும்.” அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்து, “இனிமே தண்ணிகூட என்னைய மீறித்தான் உள்ள போகணும்” என்றாள். அன்று முதல் எனக்கு வாசலில் ஒரு காவல் கிடைத்தது.

பொழுது ஏறியது. வயிறு உப்பத் தொடங்கியது. நாடி கொஞ்சம் வேகமாயிற்று. கங்காணி என்னைக் கூப்பிட்டார்.

“மிஸ்ஸி, அது ஆச்சு. கஞ்சி கொண்டாரச் சொல்லுங்க.”

“எப்ப ஆச்சுங்க?”

“காலையில.”

“எனக்குக் கேக்கலையே?”

“எல்லாத்தையும் தமுக்கடிச்சா செய்வாங்க? மெதுவா ஆச்சு.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, கனிவாக, “காமாட்சி, நீ சொல்லும்மா” என்றார்.

காமாட்சியம்மாள் என் காதில் சொன்னாள்: “பொய் சொல்றாரு மிஸ்ஸி.”

“எப்படித் தெரியும்?”

“சும்மா இருக்கையில ‘ஏய்’னுதான் கூப்புடுவாரு. சூட்டுக் கட்டின்னு சொன்ன அன்னிக்குந்தான் ‘காமாட்சி’ன்னாரு.”

டர்பன்டைன் ஒத்தடம் போட்டேன். கம்பளித் துணியைக் கொதிநீரில் போட்டெடுத்து, துவாலைக்குள் வைத்து நானும் காமாட்சியம்மாளும் ஆளுக்கொரு முனையாகச் சொட்டு நீர் இல்லாமல் முறுக்கினோம். அதில் சில துளி டர்பன்டைன் விட்டு, என் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, காயத்துக்குத் தூரமாக மேல் வயிற்றில் போர்த்தினேன். ஆறியதும் இன்னொன்று. வயிறு சிவந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. காற்றை வெளியேற்ற ரப்பர்க் குழாய் ஒன்று உண்டு. ஆண் அட்டெண்டன்ட் அதைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தான். கங்காணி போர்வைக்குள்ளிருந்து வெள்ளிப் பூண் பிரம்பை எடுத்தார். அட்டெண்டன்ட் குழாயோடு திரும்பிப் போய்விட்டான்.

அப்புறம் விக்கல் வந்தது. ஒன்று, சற்றுக் கழித்து இன்னொன்று.

மொனராகலைக்கு ஆள் போய் டாக்டர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆளை அனுப்பினேன். பிறகு வேறு வழி தெரியாமல் டாக்டரின் முறையையே ஆரம்பத்திலிருந்து செய்தேன். கால்மாட்டில் நின்றேன். கைகளைச் சூடாக்கினேன். வயிற்றில் கை வைத்தேன்: உப்பியிருந்தது, ஆனால் பலகையாக இறுகவில்லை. நெஞ்சு பார்க்கும் மரக் குழாயை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். உள்ளே சத்தம்! மேட்டில் காளை வண்டி ஏறுவதுபோலக் கடகடவென்று உருண்டது. தூங்குகிற குடல் இப்படிச் சத்தம் போடாது. குடல் விழித்துவிட்டது. அப்படியானால் காற்று ஏன் வரவில்லை?

கண்ணை முகத்தில் வைத்தேன்.

உள்ளே ஒவ்வொரு முறை உருளும்போதும் கங்காணியின் நெற்றி வியர்த்தது. பல்லைக் கடித்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த கால் விரல்கள் மடங்கி இறுகின. கண் மட்டும் ஒரு கணம் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்த் திரும்பியது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த சடையன் கிடந்தான். அவனுக்கு அப்பால், அடிபட்டு வந்த இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் அவருடைய தோட்டத்து ஆட்கள். தினமும் அவர் முன்னால் கைகட்டி நின்றவர்கள். இப்போது வேறு வேலை இல்லாததால் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வராமல் இல்லை. அவர் வரவிடாமல் அடக்கிக்கொண்டிருந்தார்!

எனக்கு ஒரே நேரத்தில் ஆத்திரமும் அழுகையும் வந்தது. மானத்துக்காக ஒரு மனிதர் செத்துப்போகத் தயாராகப் படுத்திருந்தார். கட்டிலை நகர்த்தினால் தையல் அசையும். சடையனையும் நகர்த்த முடியாது. நேராகச் சொன்னால் இன்னும் இறுக்கிக்கொள்வார். காமாட்சியம்மாளிடம் ஒரு விரிப்பைக் கொடுத்துக் கட்டிலுக்குத் திரையாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு வார்டு நடுவில் போய் நின்றேன்.

“எல்லாரும் கேளுங்க. படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும். நான் கைய எறக்குனதும் எல்லாரும் சேர்ந்து பலமா இருமணும். பெரிய கங்காணி மட்டும் இருமக் கூடாது, தையல் பிரிஞ்சிரும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சடையன் மட்டும் என்னையும், திரையையும், திரைக்குக் கீழே மடங்கியிருந்த கால் விரல்களையும் பார்த்தான். பிறகு நிதானமாகத் தன் தகரத் தட்டை எடுத்தான்.

“மிஸ்ஸி, இருமுனா மட்டும் பத்தாதுங்க. தட்டுனாத்தான் சளி நல்லா எளகும்.”

கையை இறக்கினேன். இருமல், தட்டு, கரண்டி, கட்டில் கால் என்று வார்டே அதிர்ந்தது. மருந்து கட்டுகிற அறையிலிருந்து ஆள் ஓடி வந்து பார்த்துவிட்டு ஓடினான். பெண்கள் வார்டிலிருந்தும், ஏன் என்று தெரியாமலே, யாரோ சேர்ந்து இருமினார்கள். போதுமா, இல்லையா என்று தெரியவில்லை. திரைக்குள் எட்டிப் பார்ப்பதற்காகக் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள்.

அந்த நிசப்தத்தில்தான் அது வந்தது.

நீளமாக வந்தது. மீசைக்கும் பிரம்புக்கும் தகுந்த மாதிரி வந்தது. முடிந்தது என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் வந்தது.

யாராவது ஒருவர் சிரித்திருந்தால் கங்காணி என்னவாகியிருப்பார் என்று எனக்கு இன்றும் தெரியாது. சடையன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

“இடி இடிக்குது. மழை வரும்போல” என்றான்.

“ஆமாமா, பசறைப் பக்கம் கருத்துக்கிட்டு வருது” என்றான் அடுத்த கட்டில்காரன்.

“துணி காயப் போட்டிருந்தா எடுக்கச் சொல்லுங்க மிஸ்ஸி” என்றான் இன்னொருவன்.

வெளியே வெயில் கண்ணைப் பறித்தது.

திரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. விம்முகிறார் என்று பயந்து உள்ளே ஓடினேன். பெரிய கங்காணி சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல், கண்ணில் நீர் வழிய, உடம்பு குலுங்கச் சிரித்தார். நான் பாய்ந்து தையலின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன். “சிரிக்காதீங்க, தையல் போயிரும்! ஐயோ, சிரிக்காதீங்க!” என்று சொல்லிக்கொண்டே நானும் சிரித்தேன். காமாட்சியம்மாள் திரையைப் போட்டுவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

“ஏய்” என்றார் கங்காணி அவளைப் பார்த்து. “பசிக்குது.”

விக்கல் நின்றுவிட்டது. வயிறு தணிந்தது. கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். டாக்டர் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, கோட்டில் புழுதியோடு நேரே கட்டிலுக்கு வந்தார்.

“காத்துப் பறிஞ்சுதோ?”

“மழையே பெஞ்சிருச்சுங்க ஐயா!” என்று வார்டு முழுவதும் சொன்னது.

நான் அவரைத் தனியே அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கோபம் என்று நினைத்துக் காதைக் கொண்டுபோனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தையல் பிரித்து வீட்டுக்குப் போகும்போது கங்காணி சடையனின் கட்டிலருகே நின்று, “கால் ஆறுற வரைக்கும் அவசரப்பட்டு வராதடா” என்றார். சடையனுக்கு அவர் பேசி அவ்வளவு மெதுவான குரலைக் கேட்டுப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்து ஒரு காலையில் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நடந்தே வந்திருந்தாள். சாகும் நிலையில் இல்லை; அதுவே எனக்கு ஆச்சரியம். உட்காரச் சொன்னேன். உட்கார முடியாமல் சுவரோரம் ஒருக்களித்து நின்றாள். அவள் நின்ற விதத்திலேயே பாதி தெரிந்தது. பிள்ளை பெற்ற பிறகு கருப்பை இறங்கி, அதைத் துணியால் கட்டிக்கொண்டே மலை ஏறி இறங்கிய பெண்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களெல்லாம் வேறு ஏதோ நோய்க்கு வந்து படுத்தபோதுதான் பார்த்தேன்.

“யாரு அனுப்புனாங்க?” என்று கேட்டேன்.

“பெரிய கங்காணிங்க. பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னாருங்க.”

“என்ன சொன்னாரு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஒளிச்சு வச்சிருக்கிறவங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க வெக்கப்பட வேணாம், நான் பட்டுப் பாத்துட்டேன்னாருங்க.”

அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, புருஷனிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொல்லத் தொடங்கினாள்.